அவசர கருத்தடைக் குளிசைக்குப் பிறகு: மாதவிடாய்க் குழப்பமும் சலக்கடுப்பும், திருகோணமலைப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

பார்மசிக்கு அவசர கருத்தடைக் குளிசை வாங்க வருகிறவர்கள் நின்று பேசுவதில்லை. பெயரை மெல்லச் சொல்லி, காசைக் கொடுத்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஊர் சின்னது, யார் பார்ப்பார்களோ என்ற பயம். மூதூர்க்காரி டவுனுக்கு வந்து வாங்குவாள், டவுன்காரி கிண்ணியாவுக்குப் போய் வாங்குவாள். கேள்விகள் வருவது ஒரு கிழமை கழித்துத்தான். அதுவும் "என்ர சிநேகிதிக்கு அக்கா" என்றே தொடங்கும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

இதில் குளிசை என்று சொல்வதெல்லாம் லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் குளிசையைத்தான். இலங்கையில் போஸ்டினோர் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். சில பெட்டிகளில் 0.75 மில்லிகிராமாக இரண்டு இருக்கும். அப்படியென்றால் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கலாம்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிசை மாதவிடாயைக் குழப்பும், அது வழமை. சலக்கடுப்பைத் தருவது இந்தக் குளிசை அல்ல. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி "எல்லாம் குளிசையின் வேலை" என்று நினைத்து, ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுவதால்தான் பலர் அவதிப்படுகிறார்கள்.

குளிசை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

சூலகத்திலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். அந்த நாட்களில் முட்டை வராவிட்டால் சந்திக்க ஆளில்லை, கர்ப்பமும் தங்காது. முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டதென்றால் குளிசையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் 72 மணித்தியாலம் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. இன்று இரவு போட முடிந்ததை நாளைக்கு வைக்காதீர்கள். 72க்குப் பிறகு 120 மணித்தியாலம் வரை எடுக்கலாம், ஆனால் பலன் குறையும்.

தங்கிவிட்ட கர்ப்பத்தை இது கலைக்காது. கலைக்கும் குளிசை வேறு, இது வேறு.

அப்போ மாதவிடாய் எப்போது வரும்?

பெரும்பாலானோருக்கு எதிர்பார்த்த திகதிக்கு ஒரு கிழமை முன்னே பின்னே வந்துவிடும். உங்கள் திகதி 20 என்றால் 13க்கும் 27க்கும் இடையில் எப்போது வந்தாலும் பதற வேண்டியதில்லை. பலருக்குச் சரியான நாளிலேயே வரும்.

முந்துவதா பிந்துவதா என்பது மாதத்தில் எந்தக் கட்டத்தில் குளிசை போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதவிடாய் முடிந்து சில நாளிலேயே போட்டவர்களுக்கு அடுத்தது முந்தி வரும் பாங்கு உண்டு. மாதத்தின் பிந்திய பகுதியில் போட்டவர்களுக்குச் சற்றுத் தள்ளிப்போகலாம். காரணம் எளிது. குளிசையில் இருப்பது மாதவிடாயை நடத்தும் ஹோர்மோன் வகையைச் சேர்ந்ததுதான், அது ஒரே தடவையில் பெரிய அளவாகப் போகிறது. கருப்பையின் உட்சுவர் அதற்கேற்ப மாறி, ஹோர்மோன் இறங்கியதும் சிலருக்கு உதிரத் தொடங்கும். வேறு சிலருக்கு முட்டை வருவது தள்ளிப்போனதால் எல்லாமே தள்ளிப்போகும்.

வழமையிலேயே உங்களுக்கு 24 நாளிலும் 38 நாளிலும் மாறி மாறி வருகிறது என்றால் இந்தக் கணக்கு உதவாது. அப்படியானவர்கள் கீழே சொல்லும் மூன்று கிழமைக் கணக்கைப் பிடியுங்கள்.

குளிசை போட்டு நாலைந்து நாளில் இரத்தம் வந்தது. அது பீரியட்ஸ்தானே? இனிப் பயமில்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் நிறையப் பேர் தப்பான பதிலைத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

குளிசைக்குப் பிறகு ஒரு கிழமைக்குள் வரும் இரத்தம் பெரும்பாலும் ஹோர்மோன் ஏறி இறங்கியதால் வருவது. சிலருக்குப் பொட்டுப் பொட்டாகப் படும், சிலருக்கு இரண்டு மூன்று நாள் பாட் வைக்கும் அளவுக்கு வரும். கபில நிறமாகவும் இருக்கலாம். இது வந்தால் குளிசை வேலை செய்துவிட்டது என்று அர்த்தமில்லை. வராவிட்டால் வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை. நிறையப் பேருக்கு இடையில் ஒரு துளியும் வராது, அடுத்த மாதவிடாய் நேரத்துக்கு வந்து நிற்கும்.

ஆகவே இடையில் வந்த இரத்தத்தைப் பீரியட்ஸ் கணக்கில் எழுதாதீர்கள். கலண்டரில் வேறு பேனையால் குறியுங்கள். உங்கள் வழமையான திகதியை ஒட்டி, வழமையான அளவில் வருவதுதான் மாதவிடாய். அது வழமையை விடக் குறைவாக, ஒரு நாளோடு நின்றுவிட்டால் டெஸ்ட் செய்து பார்ப்பது நல்லது. கர்ப்பத்தின் தொடக்கத்திலும் சிலருக்கு இப்படிக் கொஞ்சமாக இரத்தம் படுவதுண்டு.

இந்த முறை இரத்தம் அதிகம், வயிற்று வலியும் கூட. அடுத்த மாதமும் இப்படித்தானா?

ஒரு முறை கூடிக் குறைவது நடக்கும். வலிக்குப் பனடோல் போடலாம், வெந்நீர்ப் போத்தலை வயிற்றில் வைக்கலாம். குமட்டல், தலையிடி, களைப்பு, மார்பு நோவு எல்லாம் ஓரிரண்டு நாளில் அடங்கிவிடும். அடுத்த மாதம் பெரும்பாலும் பழையபடி திரும்பும். இரண்டு மாதம் கடந்தும் சீராகவில்லை என்றால் குளிசையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் போங்கள். தைரொயிட், சூலகக் கட்டிகள் என்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் முழுதாக நனைந்து, அது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி.

திகதி தாண்டிவிட்டது. பப்பாசிக்காயும் அன்னாசியும் சாப்பிட்டால் வரும் என்கிறார்கள்.

வராது. எள்ளுருண்டையும் அப்படித்தான். பசித்தால் சாப்பிடுங்கள், மருந்தாக நினைத்து நாட்களைக் கடத்தாதீர்கள். "பீரியட்ஸ் வரவைக்கும் குளிசை" என்று யாராவது பெயரில்லாத குளிசையைக் கையில் தந்தால் வாங்கவே கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விழுங்கி, இரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவதில்தான் அது முடியும். அப்படி ஏற்கெனவே ஏதாவது எடுத்து இரத்தம் போகிறதென்றால் வெட்கம், பயம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடனே போங்கள். என்ன எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

டெஸ்ட் எப்போது செய்வது? எப்படிச் செய்வது?

இரண்டு கணக்கு இருக்கிறது. மாதவிடாய் எதிர்பார்த்த நாளிலிருந்து ஒரு கிழமை தாண்டினால் செய்யுங்கள். அல்லது, உறவு நடந்த நாளிலிருந்து மூன்று கிழமை எண்ணுங்கள். 3ஆம் திகதி நடந்ததென்றால் 24ஆம் திகதி செய்யும் டெஸ்டை நம்பலாம். அதற்கு முன் செய்து "இல்லை" என்று வந்தால் அது முடிவல்ல. கர்ப்ப ஹோர்மோன் சலத்தில் தெரியும் அளவுக்கு ஏற நாள் எடுக்கும். குளிசை போட்ட மூன்றாம் நாளே ஸ்ட்ரிப் வாங்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராது, ஆனால் அது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

காலையில் எழுந்ததும் போகும் முதற் சலம் நல்லது, இரவு முழுக்கத் தேங்கியதால் ஹோர்மோன் செறிவாக இருக்கும். ஸ்ட்ரிப்பை அதில் குறிக்கப்பட்ட கோட்டுக்கு மேல் முக்காதீர்கள். பெட்டியில் குறிப்பிட்டிருக்கும் நிமிடக் கணக்குக்குள் முடிவைப் பாருங்கள். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். அரை மணித்தியாலம் கழித்துக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்த்துத் தெரியும் கோட்டை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம். அவசர கருத்தடைக் குளிசை இந்த டெஸ்டின் முடிவை மாற்றாது.

சலம் போகும்போது எரிகிறது. குளிசைச் சூடுதானே?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமை உறவு. சனிக்கிழமை குளிசை. ஞாயிற்றுக்கிழமை சலக்கடுப்பு. மனம் உடனே குளிசையைப் பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் அதுதான் புதிதாக உள்ளே போன பொருள். ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெண்களின் சலக்குழாய் மிகக் குட்டை, ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். அதன் வாசலும் மலவாசலும் அருகருகே. குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியா உறவின்போது அந்த வாசலுக்கு வந்து, உள்ளே ஏறி, சலப்பையில் பெருகுகிறது. ஓரிரண்டு நாளில் எரிவு தொடங்கும். புதிதாகக் கல்யாணம் செய்தவர்களுக்கு இது அடிக்கடி வருவதும் இதனால்தான். இதில் ஒழுக்கக்கேடும் இல்லை, அசுத்தமும் இல்லை. உடம்பின் அமைப்பு அப்படி.

அறிகுறிகள் உங்களுக்கே தெரியும்: எரிவு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓட வேண்டும் என்ற அவசரம், போனால் நாலு சொட்டு, அடிவயிற்றில் கனம், சலம் கலங்கலாக, நாற்றத்தோடு. இந்த ஊரில் இதைக் கூட்டும் காரணங்கள் தாராளமாக உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையாகவே தண்ணீர் போய்விடுகிறது. கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ரொய்லெட் சரியில்லை என்று காலையிலிருந்து பின்னேரம் வரை அடக்குகிறார்கள். கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிறவர்கள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சலம் தேங்க நேரம் கிடைத்தால் பற்றீரியாவுக்குப் பெருகவும் நேரம் கிடைக்கும்.

குளிசையை நிறுத்த வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். அது ஒரே தடவை எடுப்பது, நிறுத்த ஒன்றுமில்லை.

இளநியும் பார்லித் தண்ணீரும் குடித்தால் போதாதா?

குடியுங்கள், நல்லதுதான். சலம் ஐதாகி எரிவு குறையும், பற்றீரியாவில் கொஞ்சம் கழுவுப்பட்டுப் போகும். லேசாக இருந்தால் சிலருக்கு அப்படியே ஆறிவிடுவதும் உண்டு. ஆனால் இரண்டு நாளில் குறையவில்லை என்றால், அல்லது தொடக்கத்திலேயே கடுமையாக இருந்தால், டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கோ போங்கள். சலப் பரிசோதனைக்கு எழுதுவார்கள். எல்லாரும் யு.எப்.ஆர் என்று சொல்வார்கள். முதலில் வரும் சலத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் போத்தலில் பிடிக்க வேண்டும். இரத்தப்படுதல் இருக்கிறதென்றால் லாபில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் சிவப்பணுக்கள் என்று வந்து எல்லாரையும் குழப்பும்.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக்கை எடுத்துப் போடாதீர்கள். போன முறை தொண்டை நோவுக்கு அண்ணனுக்குத் தந்தது இதற்குச் சரிவராது. அரைகுறையாகப் போட்டால் அடுத்த முறை மருந்து பிடிக்காமல் போகலாம். இன்னொன்று: கர்ப்பம் தங்கியிருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய அன்ரிபயோட்டிக் வேறு, கூடாதது வேறு.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகின் ஒரு பக்கத்தில் விலாவுக்குக் கீழே வலி, வாந்தி என்று வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

எரிவு இல்லை, ஆனால் சலம் அடிக்கடி வருகிறது. கர்ப்பமா?

கர்ப்பத்திலும் அடிக்கடி வரும், ஆனால் குளிசை போட்ட நாலாம் நாள் அது தொடங்காது. அதற்குக் கிழமைகள் ஆக வேண்டும். பயத்திலேயே அடிக்கடி வரும், பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு இது தெரியும். பிளேன்டீ நாலைந்து கப் உள்ளே போனாலும் வரும். இரவிலும் பல தடவை எழும்ப வேண்டி, தாகமும் கூடுதலாக இருந்தால் சீனி பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நீரிழிவு இருந்தால் கட்டாயம்.

சலம் கடும் மஞ்சளாக, செம்மஞ்சளாக இருக்கிறது.

தண்ணீர் போதாது என்பதுதான் முதற் காரணம். நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இதே கேள்வி நிறைய வரும். நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை பிரித்துப் பிரித்துத் தண்ணீர் குடித்தால் நிறம் தெளியும். விற்றமின் பி குளிசை போட்டால் பளிச்சென்ற மஞ்சள் வரும், பயமில்லை. கருத்தடைக் குளிசை நிறத்தை மாற்றாது.

ஒரு மருந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் சலத்தைச் செம்மஞ்சளாக்கும், அதோடு அவசர கருத்தடைக் குளிசையின் பலனையும் குறைத்துவிடும். காச நோய்க்கு மருந்து எடுப்பவர் இந்தக் குளிசையை நம்பி இருக்க முடியாது. கண்ணும் மஞ்சளாகத் தெரிந்தால் அது வேறு விஷயம், ஈரலைப் பார்க்க வேண்டும்.

சிவப்பாகப் போகிறது!

குளிசைக்குப் பிறகு படும் இரத்தம் சலத்தோடு கலந்து அப்படித் தெரிவதுதான் பெரும்பாலும். பஞ்சால் பிறப்புறுப்பு வாசலை மெல்ல ஒற்றிப் பாருங்கள். அதில் சிவப்புப் பட்டால் இரத்தம் அங்கிருந்துதான். பஞ்சு சுத்தமாக இருந்து, நடுவில் பிடித்த சலம் சிவப்பாக இருந்தால் அது சலப்பாதையிலிருந்து வருகிறது. தொற்றாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், டொக்டர் பார்க்க வேண்டும். நேற்று பீட்ரூட் கறி சாப்பிட்டீர்களா என்பதையும் யோசியுங்கள்.

எரிவோடு அரிப்பும் வெள்ளையும் இருக்கிறது.

எரிவு எங்கே என்று கவனியுங்கள். உள்ளே, சலம் வரும் வழியில் எரிந்தால் சலப்பைத் தொற்று. வெளியே, சலம் தோலில் பட்ட பிறகு எரிந்து, தயிர்த் திரளை போன்ற வெள்ளையும் அரிப்பும் இருந்தால் பங்கசு. மணமில்லாத, நிறமில்லாத, கொஞ்சமான வெள்ளைபடுதல் சாதாரணம். சோப்பாலும் கிருமிநாசினித் திரவத்தாலும் உள்ளே கழுவுவதை நிறுத்துங்கள். அது நல்ல பற்றீரியாவைக் கொன்று அரிப்பைக் கூட்டும்.

மஞ்சள் பச்சை நிறம், கெட்ட நாற்றம், புண், உறவின்போது வலி, அல்லது கூட இருந்தவருக்கும் சலக்கடுப்பு என்றால் பாலியல் நோய்த் தொற்றா என்று பார்க்க வேண்டும். அவசர கருத்தடைக் குளிசை கர்ப்பத்துக்கு மட்டும்தான், தொற்றைத் தடுக்காது. கிளமீடியா போன்றவை அறிகுறியே காட்டாமல் இருந்து பின்னர் கருக்குழாயைக் கெடுக்கலாம். அரச ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது. நமது ஊரில் இந்த நிலையங்களைப் பற்றி இருக்கும் கூச்சம் தேவையில்லாதது. ஒரு தனியார் இடத்தில் பத்துப் பேருக்கு முன்னால் பெயர் கூப்பிடுவதை விட அங்கே மறைவு அதிகம்.

யூரின் ரிப்போர்ட்டில் குளிசை போட்டது தெரிந்துவிடுமா? அம்மா ரிப்போர்ட்டைப் பார்ப்பா.

தெரியாது. சாதாரண சலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை எதிலும் இந்தக் குளிசை தெரியாது. ஸ்கேனிலும் தெரியாது. டொக்டருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும், அவர் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லத்தான் வேண்டும். அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று டொக்டரிடமோ நேர்ஸிடமோ கேட்பதில் தப்பில்லை.

குளிசை போட்டதும் வாந்தி எடுத்துவிட்டேன்.

மூன்று மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னொரு முழு அளவு எடுக்க வேண்டும். அதற்குப் பிறகென்றால் தேவையில்லை. வெறும் வயிற்றில் போடாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறைவு.

வேறு மருந்து எடுக்கிறேன், பரவாயில்லையா?

ரிபாம்பிசினைச் சொல்லிவிட்டேன். வலிப்புக்கான பெனிடொயின், காபமசெப்பின், பீனோபாபிற்றோன் என்பனவும், எச்.ஐ.விக்கான எபாவிரென்சும் பலனைக் குறைக்கும். சலக்கடுப்புக்கு வழமையாகத் தரும் அன்ரிபயோட்டிக்குகள் குறைக்காது. உடல் எடை 70 கிலோவைத் தாண்டியவர்களுக்கும் ஒரு குளிசை போதாமல் போகலாம். இவர்களெல்லாம் அளவை இரட்டிப்பதா, கருப்பைக்குள் வைக்கும் லூப் போடுவதா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். உறவு நடந்து ஐந்து நாளுக்குள் போடும் செப்பு லூப்தான் எல்லாவற்றிலும் உறுதியான அவசர கருத்தடை. போட்டதோடு வருடக்கணக்கில் பாதுகாப்பும் இருக்கும். ஏனோ இதை யாரும் கேட்டு வருவதில்லை.

பால் கொடுக்கிறேன்.

எடுக்கலாம். பிள்ளைக்குப் பாலைக் கொடுத்து முடித்த கையோடு போட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாயே ஒழுங்கில்லாமல் வருவதால் திகதியை நம்பாமல் மூன்று கிழமை எண்ணி டெஸ்ட் செய்யுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை எது?

அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரென்று பிடிக்கும் கடும் வலி, தலைச்சுற்று, மயக்கம், தோள்மூட்டில் காரணமில்லாத வலி. கர்ப்பம் கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். இடையில் இரத்தம் பட்டதால் "எனக்குத்தான் பீரியட்ஸ் வந்ததே" என்று இதைத் தட்டிக் கழித்துவிடக் கூடாது. குழாய் வெடித்தால் உள்ளேயே இரத்தம் போகும், உயிருக்கு ஆபத்து. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கம் இருப்பவர்கள் விடியட்டும் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

விருப்பமில்லாமல் நடந்தது. குளிசை மட்டும் போதுமா?

போதாது. எச்.ஐ.வி தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கப்பட வேண்டும், மற்றத் தொற்றுக்களுக்கும் மருந்து உண்டு. அதனால் குளிசையைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாரிடமாவது முதலில் பேச வேண்டுமென்றால் 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். நடந்தது உங்கள் பிழையில்லை.

அதே மாதம் திரும்பவும் போடலாமா? அடிக்கடி போட்டால் பிள்ளை தங்காமல் போகுமா?

போடலாம், ஆபத்தில்லை. பிற்காலத்தில் பிள்ளை பிறப்பதையும் கெடுக்காது. ஆனால் மாதவிடாய் எப்போது வரும் எப்போது போகும் என்றே தெரியாமல் குழம்பும். ஒழுங்காக எடுக்கும் முறைகளை விட இதன் பலனும் குறைவு. குளிசை போட்டதால் அந்த மாதம் முழுக்கப் பாதுகாப்பு என்று நினைக்கவும் கூடாது. தள்ளிப்போன முட்டை சில நாளில் வந்துவிடும், அப்போது பாதுகாப்பில்லாமல் இருந்தால் கர்ப்பம் தங்கும். மிதுரி போன்ற தினக் குளிசையை அடுத்த நாளே தொடங்கலாம், முதல் ஏழு நாள் கொண்டமும் சேர்த்துப் பாவிக்க வேண்டும். ஊசி, லூப் பற்றியெல்லாம் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் கேட்கலாம். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸுக்கு இதெல்லாம் அன்றாட வேலை.

குளிசையையும் மீறிக் கர்ப்பம் தங்கிவிட்டால் பிள்ளைக்கு அதனால் குறை வராது. வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

டொக்டரிடம் எப்படிச் சொல்வது? வாயே வராது, அக்கா.

சொல்ல வேண்டியதைக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். கடைசியாக மாதவிடாய் தொடங்கிய திகதி, உறவு நடந்த திகதி, குளிசை போட்ட திகதியும் நேரமும், இடையில் இரத்தம் பட்டதா, சலக்கடுப்பு எந்த நாள் தொடங்கியது, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. குளிசைப் பெட்டியை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள். கல்யாணம் ஆனதா என்று கேட்டால் பதில் சொல்வது உங்கள் விருப்பம். மருந்து எழுதுவதற்கு அது தேவையில்லை.